நெல்லுக்கு வேலி, நீருக்கு வழி

திருநெல்வேலிக்கு அந்தப் பெயரைக் கொடுத்தது ஒரு மழை. வேதசர்மர் என்னும் அடியவர் நாள்தோறும் இல்லங்களுக்குச் சென்று நெல்லை இரந்து பெற்று, அதைக் கொண்டு இறைவனுக்குத் திருவமுது படைத்து வந்தார். ஒருநாள் அந்த நெல்லைச் சந்நிதியின் முன் உலரப் பரப்பிவிட்டுத் தாமிரபரணிக்கு நீராடச் சென்றார். அவர் துறையில் இறங்கியிருந்த வேளையில் வானம் இருண்டது, பெருமழை கொட்டியது. சுவாமியின் நைவேத்தியம் வெள்ளத்தோடு போயிற்றே என்று பதறி ஓடி வந்தவர் கண்டதோ அற்புதக் காட்சி. சுற்றிலும் நீர் பெருகி ஓடுகிறது; நடுவே நெல் மட்டும் ஒரு மணியும் நனையாமல் காய்ந்து கிடக்கிறது. நெல்லுக்கு வேலியிட்டுக் காத்த பெருமான் நெல்வேலிநாதர் ஆனார். ஊர் திருநெல்வேலி ஆயிற்று. தை மாதத் திருவிழாவில் இந்தத் திருவிளையாடல் நெல்லையப்பர் ஆலயத்தில் இன்றும் நிகழ்த்திக் காட்டப்படுகிறது.

கேட்டுக் கேட்டுப் பழகிய இந்தத் தலவரலாற்றில் அதிகம் பேசப்படாத நுட்பம் ஒன்று உண்டு. பெருமான் நினைத்திருந்தால் மழையையே நிறுத்தியிருக்கலாம். மேகத்தை வேறு திசைக்கு அனுப்பியிருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. மழை பெய்ய வேண்டிய அளவு பெய்தது. வெள்ளம் தன் வழியில் ஓடியது. நெல் தன் இடத்தில் இருந்தது. இரண்டுக்கும் நடுவே ஓர் எல்லை மட்டும் வகுக்கப்பட்டது. நீருக்கு உரிய இடத்தை நீருக்கு விட்டு, மனிதனுக்கு உரியதைக் காத்துக்கொள்வதே அந்த வேலியின் பொருள். பொருநைக் கரையில் பல நூறு ஆண்டுகள் வாழ்ந்தவர்கள் இந்தப் பொருளை அறிந்தே அணையும் காலும் குளமும் அமைத்தார்கள். அந்த வேலியைப் பிற்காலத்தார் எங்கெங்கே பிரித்துப் போட்டார்கள் என்பதை 2023ஆம் ஆண்டு மார்கழி பிறந்த வேளையில் ஆறே எடுத்துக் காட்டியது.

மார்கழியில் வந்த வெள்ளம்

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பெய்த மழை, வயது முதிர்ந்தவர்களும் கண்டிராதது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையைவிட அது அதிகம். முருகப்பெருமானின் திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டர். கள்ளபிரான் அருள்பாலிக்கும் ஸ்ரீவைகுண்டத்தில் 62 சென்டிமீட்டர். நெல்லை நகரில் கொக்கிரகுளத்தில் உள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. சந்திப்புப் பகுதியில் ஆற்றை ஒட்டிய தெருக்கள் ஆறாகவே மாறின. கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடி நகரம் மிதந்தது.

அந்த இரவில் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தோடு நின்றுவிட்டது. அப்பால் தண்டவாளத்தைத் தாங்கியிருந்த ஜல்லியும் மண்ணும் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டிருந்தன. ஏறத்தாழ 800 பயணிகள் அந்த ரயிலில் இருந்தனர். அவர்களுள் செந்திலாண்டவனைத் தரிசித்துவிட்டுத் திரும்பிய குடும்பங்கள் பல. சிலர் வெளியேற்றப்பட்டபின், சாலையும் துண்டிக்கப்பட, எஞ்சியவர்கள் இரண்டு நாள்கள் அங்கேயே தவித்தனர். ஹெலிகாப்டர் உணவுப் பொட்டலங்களோடு வந்து சேருமுன்பே, அருகிலிருந்த ஊர்மக்கள் அரிசி திரட்டிச் சமைத்து அவர்களுக்கு அன்னமிட்டார்கள். வெள்ளம் சூழ்ந்த நிலையிலும் விருந்தோம்பல் மறவாத மண் என்று அதைப் பெருமையுடன் சொல்லலாம். ஆனால் அன்னமிடும் கைகள் இருக்கும் ஊரில் வெள்ளத்துக்கு வழிவிடும் கைகள் ஏன் குறைந்தன என்ற கேள்வியும் அதே மண்ணில் நிற்கிறது.

95 சென்டிமீட்டர் மழையை எந்த ஊரும் எளிதில் தாங்கிவிடாது. முன்னோர் அமைத்த குளங்கள் அனைத்தும் பழுதின்றி இருந்தாலும் சேதம் நேர்ந்தே இருக்கும். 1992 நவம்பரில் வந்த பெருவெள்ளமும் கரையோர மக்களின் நினைவில் இன்னும் உலரவில்லை. ஆகவே பழமையைப் புகழ்ந்துவிட்டு அமைதி கொள்வதில் பயனில்லை. இயற்கை மிஞ்சும் நாளில் சேதத்தைக் குறைப்பதும், சாதாரண மழைக்கே தெருக்கள் மூழ்காமல் காப்பதும் மனிதர்களின் பொறுப்பு.

வெள்ளத்தை வணங்கிய கட்டடக்கலை

நெல்லைக் குறுக்குத்துறை முருகன் கோயிலைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பொறுப்பு எத்தகையது என்பது விளங்கும். ஆற்றுப் படுகையிலேயே, பாறையைக் குடைந்து எழுந்த சந்நிதி அது. வெள்ளம் வந்தால் கோயில் மூழ்கும் என்பது கட்டியவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால் நீரை எதிர்த்து உயர்ந்த மதில் எழுப்பாமல், படகின் முகப்பைப்போல் நீரைப் பிரித்து அனுப்பும் அமைப்பைக் கொடுத்தார்கள். வெள்ள அபாயம் தெரிந்ததும் உற்சவமூர்த்தியையும் கோயில் உடைமைகளையும் கரைமேல் உள்ள மேலக்கோயிலுக்கு எழுந்தருளச் செய்வது வழக்கம். தண்ணீர் உள்ளே வந்து, சுற்றிப் பார்த்து, வந்த வழியே வெளியேறும். வடிந்தபின் சேற்றைக் கழுவி, மீண்டும் பூசை தொடங்கும். 2023இலும் அதுதான் நிகழ்ந்தது. வெள்ளம் வரும், வந்தால் இடம் கொடுக்க வேண்டும், இடம் கொடுக்கும் முன் எதை எடுத்து எங்கே வைப்பது என்பது முன்னமே தீர்மானமாகியிருக்க வேண்டும். இன்றைய பேரிடர் மேலாண்மை நூல்கள் விரித்துரைக்கும் பாடத்தை அந்தச் சிறு கோயில் ஆண்டுதோறும் நடத்திக் காட்டுகிறது.

நவகைலாயத் தலங்களில் ஒன்றான ராஜபதியின் வரலாறு மற்றொரு பக்கத்தைச் சொல்கிறது. அங்கிருந்த பழைய ஆலயம் ஆற்று வெள்ளத்தில் அழிந்துபோக, அண்மைக் காலத்தில் பக்தர்களின் முயற்சியால் புதிதாக எழுந்தது. பொருநை தன் கரையில் உள்ள தெய்வங்களுக்கும் சலுகை காட்டியதில்லை. அவளோடு வாழ்வதற்கு அவளுடைய இயல்பை அறிந்திருக்க வேண்டும்.

பசு நடந்த வழி

பொதிகையில் பிறந்து, புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் தாமிரபரணி சுமார் 128 கிலோமீட்டர் ஓடுகிறாள். அந்தச் சிறிய தொலைவுக்குள் எட்டு அணைக்கட்டுகள்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். இவற்றுள் கடைசியான ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் ஆட்சியில் எழுந்தது. மற்றவை அதற்கும் முந்தியவை. இந்த எட்டிலிருந்தும் பிரியும் 11 கால்வாய்கள், வழிநெடுக உள்ள குளங்களை நிரப்பி, 86,000 ஏக்கருக்கும் அதிகமான நிலத்துக்கு நீர் கொடுக்கின்றன. சிவகளையில் முதுமக்கள் தாழியினுள் கிடைத்த நெல், ஏறத்தாழ 3,200 ஆண்டுகள் பழமையானது என்று 2021இல் அறிவிக்கப்பட்டது. பொருநையும் நெல்லும் கொண்ட உறவு அத்தனை நீண்டது.

கன்னடியன் கால்வாயைப் பற்றிக் கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி வட்டாரத்தில் ஒரு செவிவழிக் கதை வழங்கி வருகிறது. கன்னட தேசத்திலிருந்து வந்த ஒருவர் தமக்குத் தானமாகக் கிடைத்த பொன்னை என்ன செய்வது என்று அகத்திய முனிவரிடம் கேட்டார். நிலைத்து நிற்கும் தர்மமாக ஒரு கால்வாய் வெட்டும்படி முனிவர் பணித்தார். எந்த வழியில் வெட்டுவது? ஒரு பசுவைப் பின்தொடர்ந்து செல். அது நடக்கும் வழியே கால். அது நீர் விடும் இடத்தில் மடை. படுத்து இளைப்பாறும் இடத்தில் குளம் என்றாராம். கதை என்று இதைத் தள்ளிவிட முடியாது. பசு செங்குத்தான மேட்டில் ஏறாது. திடீர்ப் பள்ளத்தில் இறங்காது. நிலத்தின் மென்மையான சரிவை ஒட்டியே நடக்கும். நீரும் அப்படித்தான் நடக்க விரும்பும். நிலமட்டம் பார்த்துக் கால்வாய் வெட்டும் பொறியியலை, எளிய குடியானவரும் மறக்காதபடி பசுவின் நடையில் பொதிந்து வைத்தார்கள்.

குளங்களின் அமைப்பிலும் இதே அறிவு உண்டு. மேலே உள்ள குளம் நிறைந்தால் மறுகால் பாயும். அந்த மறுகால் நீர் ஓடை வழியே அடுத்த குளத்தின் வரத்துக்காலில் சேரும். அதுவும் நிறைந்தால் அதற்கடுத்த குளத்துக்குச் செல்லும். இப்படிச் சங்கிலிபோல் கோத்த குளங்கள், பெருமழையில் ஓடிவரும் நீரின் வேகத்தைப் படிப்படியாகக் குறைத்தன. வெள்ளம் ஒரே நேரத்தில் ஆற்றுக்கு வந்து சேராமல் தவணை முறையில் வந்து சேர்ந்தது. கோடையிலோ அதே நீர் மடை வழியே வயலுக்கும், மண்ணின் வழியே கிணற்றுக்கும் போயிற்று. வரவு, இருப்பு, செலவு மூன்றும் சரியாக எழுதப்பட்ட கணக்குப் புத்தகம் அது. இடையில் ஒரு குளத்தை அழித்தால் அந்தக் குளத்தின் இருப்பு மறைந்துவிடாது. கீழே உள்ள தெருவின் கணக்கில் பற்று எழுதப்படும்.

அழிந்த பக்கங்கள்

திருநெல்வேலி 1994இல் மாநகராட்சியாக உயர்ந்தது. நகரம் வளர வளர, இடம் தேடிய கண்களுக்குக் குளங்கள் காலி மனைகளாகத் தெரிந்தன. வேய்ந்தான்குளத்தின் படுகையில் புதிய பேருந்து நிலையம் எழுந்தது. இன்றும் பெருமழை நாள்களில் நீர் அங்கே தேங்கித் தன் பழைய முகவரியைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. சுத்தமல்லி அணையிலிருந்து வந்து டவுனின் நயினார்குளத்தை நிரப்பும் நெல்லைக் கால்வாயும், மேலப்பாளையம், பாளையங்கோட்டை வழியே செல்லும் பாளையங்கால்வாயும் வயலுக்குப் பாயும் கால்களாகப் பிறந்தவை. நகருக்குள் நுழைந்ததும் அவற்றில் வீட்டுக் கழிவுநீரும் குப்பையும் சேர்கின்றன. அமலைச் செடி மண்டுகிறது. கழிவுநீரும் மழைநீரும் ஒரே வழியில் போனால், மழை மிகும் நாளில் இரண்டும் வீட்டுக்குள் வரும்.

நிலத்தை மூடிய சிமென்டும் இதில் பங்காளி. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீர். ஆயிரம் சதுர அடி மாடியில் 10 சென்டிமீட்டர் மழை விழுந்தால் சுமார் 9,300 லிட்டர். ஏறத்தாழ ஒரு தண்ணீர் லாரி அளவு. முன்பு முற்றமும் தோட்டமும் அதில் பெரும்பகுதியைக் குடித்துவிடும். இப்போது ஒரு தெருவில் ஐம்பது வீடுகள் இருந்தால் ஐம்பது லாரி நீரும் ஒரே சாக்கடையைத் தேடி ஓடுகிறது. வீடுதோறும் மழைநீர்ச் சேகரிப்பைத் தமிழக அரசு 2003இல் கட்டாயமாக்கியது இதனால்தான். குழாய் இருக்கிறது, அது தொட்டியோடும் கிணற்றோடும் இன்னும் இணைந்திருக்கிறதா என்று பார்ப்பவர்கள் குறைவு. சீனாவில் 2015ஆம் ஆண்டு 16 நகரங்களைத் தேர்ந்து, பஞ்சைப்போல் மழையை உறிஞ்சிக்கொள்ளும் நகரங்களாக மாற்றும் திட்டத்தைத் தொடங்கினார்கள். பூங்காக்களையும் ஏரிகளையும் ஈரநிலங்களையும் மீட்டு, நீரைத் தேக்கி, மெல்ல விடுவிப்பதே அதன் சாரம். பொருநைச் சமவெளிக்கு அது புதிய செய்தியாக இருக்க நியாயமில்லை.

ஆக்கிரமிப்பு என்ற சொல்லைச் சொல்லும்போது நிதானமும் வேண்டும். ஓடைக்கரையில் குடிசை போட்டவர் பெரும்பாலும் வேறு போக்கிடம் இல்லாதவர். வெள்ளத்தில் முதலில் பாதிக்கப்படுபவரும் அவரே. குளத்துக்குள் எழுந்தவற்றில் அரசின் கட்டடங்களும் உண்டு. வசதி படைத்தவரின் மனைகளும் உண்டு. ஏழையின் கூரையை மட்டும் பிரித்துவிட்டுக் குளத்தை மீட்டதாகச் சொல்வது தர்மமாகாது. மாற்று இடம் தந்து, பெரியவர் சிறியவர் என்ற பேதமின்றி வரத்துக்காலின் வழியைத் திறப்பதே நீதி.

மீட்கும் கைகள்

சோர்வு தரும் செய்திகளுக்கு நடுவே, நம்பிக்கை தரும் செய்திகளும் இந்தப் பள்ளத்தாக்கில் இருக்கின்றன. ஆற்றில் அளவின்றி மணல் அள்ளப்பட்டபோது, ஸ்ரீவைகுண்டத்து மண்ணின் மைந்தரான தோழர் நல்லகண்ணு உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்குத் தொடுத்தார். 2010இல் தாமிரபரணியில் மணல் அள்ள ஐந்தாண்டுகளுக்குத் தடை விதிக்கப்பட்டது. மணல், ஆறு தன் நீரைச் சேமித்து வைக்கும் பெட்டகம் என்பதை அந்த வழக்கு பலருக்கும் உணர்த்தியது. ஆற்றில் கழிவுநீர் கலப்பது தொடர்பான வழக்கில், 2024 நவம்பரில் அதே நீதிமன்றத்தின் நீதிபதிகள் இருவர் நெல்லைக்கு நேரில் வந்து படித்துறைகளையும் கழிவு கலக்கும் இடங்களையும் பார்வையிட்டார்கள். வெள்ளக் காலத்தில் வீணாகும் நீரைக் கன்னடியன் கால்வாயிலிருந்து பிரித்துக் கருமேனியாறு, நம்பியாறு வழியே வறண்ட பகுதிகளுக்குக் கொண்டு செல்லும் 75 கிலோமீட்டர் வெள்ளநீர்க் கால்வாய், 2009இல் தொடங்கி, 2025 பிப்ரவரியில் பயன்பாட்டுக்கு வந்தது. மாவட்ட நிர்வாகம் ‘நெல்லை நீர்வளம்’ என்ற பெயரில் குளங்களைச் சீரமைக்கும் பணியில் பொதுமக்களையும் தன்னார்வலர்களையும் இணைத்தது.

இவை எல்லாவற்றிலும் இனிமையானது குளங்களில் பறவை எண்ணும் பணி. மணிமுத்தாற்றில் இயங்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம், பிற இயற்கை ஆர்வலர் அமைப்புகளோடு சேர்ந்து 2011 முதல் ஆண்டுதோறும் தை மாதத்தை ஒட்டித் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுத்து வருகிறது. மாணவர்கள், ஆசிரியர்கள், அலுவலர்கள் என்று பலரும் விடியற்காலையில் கரையில் நின்று நாரையையும் கொக்கையும் தாராவையும் எண்ணுகிறார்கள். பறவை வந்தால் குளத்தில் மீன் உண்டு. மீன் இருந்தால் நீர் நன்று. நீர் நின்றால் வரத்துக்கால் திறந்திருக்கிறது. ஒரு கொக்கைக் கணக்கில் எழுதும்போது குளத்தின் உடல்நலமும் அதனுடன் பதிவாகிறது. பறவையைப் பார்க்கப் போன பிள்ளைகள், குளத்தில் கொட்டிய குப்பையையும் பார்த்துவிட்டு வருகிறார்கள். பார்த்தபின் அவர்கள் வீட்டில் கேட்கும் கேள்விகள், பல அறிக்கைகளுக்குச் சமம்.

செவி சாய்த்த பெருமான்

பக்தியும் பறவையும் நீரும் ஒன்றாகக் கூடும் தலம் திருப்புடைமருதூர். கடனா நதி தாமிரபரணியோடு கலக்குமிடத்தில் நாறும்பூநாதர் கோமதி அம்மையுடன் கோயில் கொண்டிருக்கிறார். ஸ்ரீசைலம் மல்லிகார்ச்சுனம், திருவிடைமருதூர் மத்தியார்ச்சுனம் என்றால், இது புடார்ச்சுனம். மூன்றுக்கும் மருதமே தலமரம். கருவூர்ச் சித்தர் இங்கு வந்தபோது ஆற்றில் வெள்ளம் கரைபுரண்டு ஓடியது. அக்கரை சேர வழியின்றி நின்றவர், நாறும்பூவின் நாதனே என்று எதிர்க்கரையிலிருந்து உரக்க அழைத்தார். வெள்ளத்தின் இரைச்சலில் அடியவரின் குரலைக் கேட்பதற்காகப் பெருமான் தலையைச் சாய்த்துச் செவி கொடுத்தார் என்பது ஐதிகம். இன்றும் சிவலிங்கத் திருமேனி சாய்ந்த நிலையில் காட்சி தருகிறது.

அந்த ஊர் மக்களும் ஒருநாள் செவி சாய்த்தார்கள். கோயிலையும் ஆற்றையும் ஒட்டி நிற்கும் மருத மரங்களில் நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. கூடு கட்டும் காலத்தில் எழும் கூச்சலும் எச்சத்தின் வாடையும் கொஞ்சமல்ல. ஆயினும் ஊரார் அவற்றை விரட்டவில்லை. தாங்களே முன்வந்து, பறவைகள் தங்கும் இடத்தைப் பாதுகாப்புக்கு உரியதாக அறிவிக்கச் செய்தார்கள். 2002இல் திருத்தப்பட்ட வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், 2005 பிப்ரவரி 14 அன்று திருப்புடைமருதூர் பறவைகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. பரப்பு 2.84 ஹெக்டேர், அதாவது சுமார் 7 ஏக்கர். இந்தியாவிலேயே இந்தச் சட்டப்பிரிவின்கீழ் அமைந்த முதல் காப்பகம் அதுதான். பெரிய காடோ புகழ்பெற்ற மலையோ பெறாத அந்தச் சிறப்பை ஒரு சிற்றூரின் மருதந்தோப்பு பெற்றது. ஆற்றங்கரை மரங்களின் வேர்கள் கரையைப் பிடித்து நிறுத்துகின்றன. வெள்ளத்தின் வேகத்தைத் தணிக்கின்றன. பறவைக்காகக் காத்த மரம் ஊரையும் காக்கிறது.

காணிக்கையும் கழிவும்

ஆலயம் செல்லும் குடும்பங்கள் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பாபநாசத்தில் நீராடும் பக்தர்கள் பலர், பரிகாரம் என்று சொல்லி உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுச் செல்கிறார்கள். தன்னார்வலர்கள் அவ்வப்போது ஆற்றில் இறங்கி அவற்றை மூட்டை மூட்டையாக அள்ளுகிறார்கள். துணி பாறை இடுக்கில் சிக்கும், மீனுக்கு எமனாகும், கால்வாய் மதகில் அடைத்துக்கொள்ளும். பாவத்தைப் போக்கும் தீர்த்தத்தில் குப்பையைப் போடுவது எந்தக் கணக்கில் புண்ணியமாகும்? 2018 அக்டோபரில் மகா புஷ்கரம் வந்தபோது லட்சோபலட்சம் பேர் பொருநையைத் தாயென்று வணங்கினார்கள். தாயின் மடியில் எதை வைப்பது, எதை வைக்கக்கூடாது என்பது பிள்ளைகளுக்குத் தெரியாததன்று.

வழிபாட்டு முறைகளுக்குள்ளேயே நீரைக் காக்கும் கட்டளை பொதிந்திருப்பதை எண்ணிப் பார்க்கலாம். தெப்பத் திருவிழா நடக்க வேண்டுமானால் தெப்பக்குளம் நிறைந்திருக்க வேண்டும். குளம் நிறைய, நீர் வரும் வழி அடைபடாதிருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை ஊரே கூடி நின்று, நீர் இருக்கிறதா என்று பார்க்கும்படி ஒரு நாளைக் குறித்து வைத்தவர்கள் முன்னோர். தீர்த்தவாரிக்குச் சுவாமி ஆற்றுக்கு எழுந்தருளுகிறார் என்றால், அவர் திருமேனி தொடத் தகுந்த நீர் அங்கே ஓட வேண்டும். நவகைலாய யாத்திரையாகப் பாபநாசத்தில் தொடங்கிச் சேரன்மகாதேவி, கோடகநல்லூர், குன்னத்தூர், முறப்பநாடு, ஸ்ரீவைகுண்டம், தென்திருப்பேரை, ராஜபதி, சேர்ந்தபூமங்கலம் என்று ஒரே நாளில் ஒன்பது தலங்களைத் தரிசிப்பவர்கள், உண்மையில் ஆற்றின் முழு நீளத்தையும் பார்த்துவிடுகிறார்கள். உரோமச முனிவர் மிதக்கவிட்ட தாமரை மலர்கள் கரையொதுங்கிய இடங்களே இந்தத் தலங்கள் என்கிறது புராணம். இன்று ஒரு மலரை மிதக்கவிட்டால் அது எத்தனை இடங்களில் பிளாஸ்டிக் குப்பையில் சிக்கும் என்பதையும் யாத்திரிகர்கள் கண்டு வரலாம்.

நெல்லைச் சீமையில் சாஸ்தா கோயில்கள் பல குளக்கரையிலும் ஓடைக்கரையிலும் சுனை அருகிலும் இருப்பது தற்செயல் என்று தோன்றவில்லை. திருச்செந்தூருக்கு அருகே மேலப்புதுக்குடியில் அருள்பாலிக்கும் ஐயனாரின் திருநாமமே அருஞ்சுனை காத்த ஐயனார். நீர்நிலைக்குக் காவல் தெய்வம் ஒன்றை அமர்த்தி, தலைமுறை தலைமுறையாக ஒரு குடும்பத்தை அந்தத் தெய்வத்தோடு பிணைத்துவிட்டால், அந்த நீர்நிலை கேட்பாரற்றுப் போகாது என்று பெரியோர் எண்ணியிருக்கக் கூடும். பங்குனி உத்திரத்தன்று சென்னையிலிருந்தும் மும்பையிலிருந்தும் கடல் கடந்தும் பிள்ளைகுட்டிகளோடு வந்து, குலதெய்வமான சாஸ்தாவுக்குப் பொங்கலிட்டு வழிபடுகிறார்கள். வந்தவர்கள் வழிபாடு முடிந்ததும் வண்டியேறிவிடாமல், ஐந்து நிமிடம் கரைமேல் நடந்து பார்க்கலாம். வரத்துக்கால் எங்கிருந்து வருகிறது, மறுகால் எந்தப் பக்கம் பாய்கிறது, மடை அடைபட்டிருக்கிறதா, சீமைக் கருவேலம் எவ்வளவு தூரம் புகுந்திருக்கிறது என்று உள்ளூரில் இருக்கும் பெரியவர்களிடம் கேட்கலாம். கோயில் திருப்பணிக்கு வரி கொடுக்கும்போது, குளத்துக்கும் ஒரு பங்கு ஒதுக்கலாம்.

1843இல் நெல்லைக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே ஆற்றுப்பாலம் எழுந்ததற்குக் காரணம், ஆட்சியர் அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் தம் சொந்தப் பொருளைக் கொடுத்தது. அக்கரை செல்ல மக்கள் படும் துன்பத்தைக் கண்டு பொறுக்காமல் அவர் அதைச் செய்தார். எல்லோராலும் பாலம் கட்ட முடியாது. தன் வீட்டு மாடியில் விழும் மழையைக் கிணற்றுக்கு அனுப்புவது எல்லோராலும் முடியும். தெருச் சாக்கடையில் குப்பை போடாமல் இருப்பதற்குப் பொருளும் தேவையில்லை. ஐப்பசி பிறக்குமுன் தெருவார் ஒன்றுகூடி ஓடை அடைப்பை நீக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். மாநகராட்சி செய்ய வேண்டியதை உரிமையோடு கேட்கும் தகுதியும் அப்போது வந்துவிடும்.

பங்குனி வெயிலில் குளம் வற்றி, தரை தெரியும் நாளில்தான் சாஸ்தாவுக்குப் பொங்கல் கொதிக்கிறது. மராமத்துக்கும் அதுவே ஏற்ற காலம். கரையில் ஓடி விளையாடும் பேரக்குழந்தைகள், இந்தக் குளத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று கேட்டால், விடை சொல்லத் தெரிந்த பெரியவர் ஒருவராவது அந்தக் கூட்டத்தில் இருக்கட்டும். அடுத்த மழைக்குள் அந்த வழி திறந்திருக்க, கரையில் அமர்ந்திருக்கும் ஐயன் துணை நிற்பார்.